வாழ்த்து மடலைக் கையாற் செய்தல்: அச்சு, மாக்கர், புடைப்பு

கையால் வாழ்த்து மடல் செய்வதற்கு மூன்று வேலைகள் தெரிந்திருந்தால் போதும்: செதுக்கிய அச்சில் மை தொட்டுக் குத்துவது, குத்திய உருவத்துக்கு மாக்கர் பேனையால் நிறம் தீட்டுவது, கோடுகளையோ எழுத்துகளையோ தாளின் மேற்பரப்பிலிருந்து சற்றே எழும்பி நிற்கும்படி புடைப்பது. மூன்றும் பெரும்பாலும் மை எவ்வளவு விரைவாக உலர்கின்றது என்பதை நம்பியிருக்கின்றன. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பழகுபவர்கள் இங்கே முதலில் தடுமாறுவதும் இந்த இடத்திலேதான். அவற்றில் காட்டப்படும் வேலை கதவு சாத்திய, குளிரூட்டிய அறைக்குள் நடக்கின்றது. வன்னியிலோ வைகாசி தொடங்கி ஆவணி வரையும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது மை தாளைத் தொடுவதற்கு முன்பே அச்சில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் காலையில் குத்திய அதே மை மாலையிலும் விரலில் ஒட்டும். நான் முதன்முதலில் செய்த மடல்கள் கார்த்திகை அடைமழைக்குள் செய்தவை. புடைப்புத் தூள் உருவத்தில் மட்டும் நில்லாமல் தாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. சூடு காட்டியபின் பார்த்தால் மடல் மணல் பூசிய சுவர்போல இருந்தது. அன்று தூளைத்தான் குறை சொன்னேன். குறை தாளில் ஏறியிருந்த ஈரத்தில் இருந்தது என்பது பிறகே விளங்கியது.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. எங்கள் வழக்கில் முத்திரை என்பது கடித உறையில் ஒட்டுவதையும் குறிக்கும், கந்தோரில் குத்துவதையும் குறிக்கும். குழப்பம் வராதிருக்க, செதுக்கிக் குத்தும் பொருளை இங்கே அச்சு என்றும், தபாலுக்கு ஒட்டுவதை மட்டும் முத்திரை என்றும் எழுதுகின்றேன். புடைப்பிலும் இரண்டு வகை உண்டு. ஈரமான மையின்மேல் ஒருவகைப் பிசின் தூளைத் தூவிச் சூட்டால் உருக்குவது தூள் புடைப்பு. மையும் சூடும் இன்றி, உருவம் வெட்டிய தகட்டின்மேல் தாளை வைத்துப் பின்புறமாக அழுத்தி எழுப்புவது அழுத்துப் புடைப்பு.

தாள்

பிரதியெடுக்கும் சாதாரண தாள் சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுடையது. அதில் செய்த மடல் நிமிர்ந்து நிற்காது. மாக்கர் மையும் மறுபக்கம் ஊறிவிடும். மடலுக்கு 200 முதல் 300 கிராம் வரை நிறையுள்ள தடித்த தாள் வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் ஒப்படைக்கு வாங்கும் பிறிஸ்டல் போட் பழகுவதற்குப் போதும். வாங்கும்போது மேற்பரப்பை விரலால் தடவிப் பார்த்து, வழுவழுப்பாகவும் அதேவேளை மெருகு பூசாததாகவும் உள்ள தாளைத் தெரிந்தெடுக்க வேண்டும். சொரசொரப்பான தாளில் அச்சின் மெல்லிய கோடுகள் அறுந்து விழும். மெருகு பூசிய தாள் மையைக் குடிக்காது, குத்திய உருவம் தொட்டவுடன் இழுபடும்.

அளவைப் பொறுத்தவரையில் ஏ4 தாளை அடிப்படையாக வைத்துக்கொண்டால் கழிவே இல்லை. 297 மி.மீ. நீளத்தைச் சரிபாதியாக வெட்டினால் 148.5 மி.மீ.க்கு 210 மி.மீ. அளவில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 105 மி.மீ.இல் மடித்தால் கையடக்கமான ஒரு மடல் ஆகும். வெட்டுவதற்கு முன் தாளின் நார் எந்தப் பக்கமாக ஓடுகின்றது என்று பார்க்க வேண்டும். தாளை மடிக்காமல் மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் இலகுவாக வளையும், மற்றத் திசையில் எதிர்த்து நிற்கும். இலகுவாக வளையும் மடிப்பே நாருக்கு இணையானது. அந்தத் திசையில் மடித்தால் விளிம்பு நேராக விழும். குறுக்கே மடித்தால், ஓலையைக் குறுக்கே மடித்தது போல, விளிம்பு வெடித்துப் பிசிறு கிளம்பும்.

மடிக்கும் இடத்தில் முதலில் ஒரு பள்ளக் கோடு இழுக்க வேண்டும். இதற்கு விலைகொடுத்துக் கருவி வாங்கத் தேவையில்லை. மை முடிந்த குமிழ்முனைப் பேனையும் இரும்பு அடிமட்டமும் போதும். பழைய கொப்பி ஒன்றின்மேல் தாளை வைத்து, அடிமட்டத்தோடு அணைத்து ஒரே அழுத்தத்தில் இரண்டு முறை இழுத்தபின், பள்ளம் விழுந்த பக்கம் மடலின் வெளிப்பக்கமாக வரும்படி மடிக்க வேண்டும். பலர் இதை மாறிச் செய்கின்றார்கள். மாறிச் செய்தாலும் மடியும், ஆனால் தடித்த தாளில் மடிப்பின் முதுகு கிழியத் தொடங்கும்.

மாரி காலத்தில் தாளை வாங்கியவுடன் பிளாஸ்ரிக் பையிலிட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, பலகைமேல் தட்டையாக வைக்க வேண்டும். சீமெந்து நிலத்தில் வைத்தால் கீழிருந்து ஈரம் ஏறும். வேலை தொடங்குமுன் இளஞ்சூடான மின்னழுத்தியை வெட்டிய துண்டுகளின்மேல் ஒருமுறை ஓட்டிவிட்டால், தாள் குடித்திருந்த ஈரத்தில் பெரும்பகுதி போய்விடும். கார்த்திகையில் மடல் செய்யக்கூடாது என்றில்லை. நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் வேண்டிய மடல்களை அந்த மழைக்குள்தானே செய்தாக வேண்டியிருக்கின்றது.

அச்சைச் செதுக்குதல்

தெளிவான பிளாஸ்ரிக்கில் செய்த அச்சுகளும், மரக்கட்டையில் ஒட்டிய றப்பர் அச்சுகளும் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் உள்ளவை பெரும்பாலும் பனிக்கட்டி, ஊசியிலை மரம், றோசாப் பூ. நெற்கதிரும் பனையும் குளக்கட்டு மருதும் தாமரை இலைமேல் நிற்கும் கொக்கும் வேண்டுமானால் நாமே செதுக்க வேண்டும். அது நினைப்பது போலக் கடினமன்று. பெரிய அழிறப்பர் ஒன்று, புதிய வெட்டுக்கத்தி அலகு ஒன்று, உடைந்த குடையின் கம்பி ஒன்று ஆகியன போதும்.

குடைக் கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் குறுக்குவெட்டு, கூரைப் பீலியைப் போல நடுவில் பள்ளமாக இருக்கும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைச் சாய்வாகச் சாணைக்கல்லில் தீட்டி, மறுமுனையை ஒரு மரத்துண்டில் இறுக்கிவிட்டால், அச்சுச் செதுக்குவோர் பயன்படுத்தும் குழி உளிக்கு ஏறக்குறைய நிகரான கருவி கிடைத்துவிடும். றப்பரின்மேல் அதைத் தாழ்வான சாய்வில் தள்ளிக்கொண்டு போனால் சுருள் சுருளாக றப்பர் எழும்பி வரும். உளி செல்லும் வழியில் மற்றக் கை இருக்கக்கூடாது. றப்பரைப் பிடித்திருக்கும் விரல்கள் எப்போதும் முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

உருவத்தை ஊடுதெரியும் மெல்லிய தாளில் மென்மையான 4பி பென்சிலால் அழுத்தமாக வரைந்து, வரைந்த பக்கம் றப்பரில் படும்படி கவிழ்த்து வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் பென்சில் கோடுகள் றப்பரில் இறங்கிவிடும். இப்படிச் செய்யும்போது உருவம் தானாகவே இடம்வலம் மாறிப் பதிகின்றது; அச்சாகக் குத்தும்போது மீண்டும் மாறி நேராகிவிடும். ஆகவே தாளில் நேராகவே வரையலாம். றப்பரில் நேரடியாக எழுதத் தொடங்குபவர்கள்தான் 'பொங்கல்' என்பதைப் புறவளமாக அச்சிட்டுவிட்டுத் தலையில் கைவைக்கின்றார்கள்.

செதுக்கும்போது மனத்தில் வைக்க வேண்டிய முறை ஒன்றே. கத்தி அலகு கோட்டிலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்து இறங்க வேண்டும். அப்போது எஞ்சி நிற்கும் கோட்டின் அடி அகன்றும் உச்சி ஒடுங்கியும், வயல் வரம்பைப் போல உறுதியாக இருக்கும். உட்புறமாகச் சாய்த்து வெட்டினால் கோட்டின் அடி மெலிந்து, பத்துத் தடவை குத்துவதற்குள் முறிந்துவிடும். வளைவுகளை வெட்டும்போது கத்தியைத் திருப்பாமல் றப்பரைத் திருப்ப வேண்டும். முதலில் கோட்டின் இரு கரைகளையும் வெட்டி, பின்னரே நடுவிலுள்ள வெளியைக் குடைக் கம்பியால் தோண்ட வேண்டும். ஆழம் 2 மி.மீ. இருந்தால் போதும். நெற்கதிரில் தொடங்குவது புதியவர்களுக்கு நல்லது. ஒரு தண்டும் இருபுறமும் சாய்ந்த மணிகளும் என்பதால் ஒரு மணி பிழைத்தாலும் யாருக்கும் தெரியாது. மயிலை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்துகள் தனிச் சிக்கல் உடையவை. சுழிகளும் கண்களும் நிறைந்த எழுத்துகளான ண, ள, ழ போன்றவற்றின் உள்வெளியைத் தோண்டும்போது றப்பர் பிய்ந்துவிடும்; ஆகவே எழுத்தின் உயரம் 12 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும், சுழிகளைச் சற்றுப் பெருப்பித்து வரைய வேண்டும். புள்ளிதான் மிகப் பெரிய தொல்லை. தனியே நிற்கும் சிறிய றப்பர்த் துண்டு என்பதால் அது முதலில் வளையும், பிறகு உதிர்ந்துவிடும். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய முன்னோர் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்து உணர்ந்துகொண்டார். நாங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. புள்ளிகளை அச்சில் செதுக்காமல் விட்டு, குத்தி உலர்ந்தபின் அதே நிற மாக்கரின் நுனியால் வைத்துவிட்டால், உதிர்வதற்கு ஒன்றுமில்லை, மடலிலும் ஒரு கையெழுத்துத் தன்மை வந்துசேரும்.

எழுத்துப்பிழையைப் பற்றியும் ஒரு சொல். 'வாழ்த்துகள்' என்று எழுதுவதா, 'வாழ்த்துக்கள்' என்று எழுதுவதா என்ற வழக்கு நெடுங்காலமாக நடந்துகொண்டிருக்கின்றது. இலக்கணம் பார்ப்பவர்கள் முன்னதையே கொள்கின்றார்கள்; செதுக்குபவருக்கும் அதில் ஓர் எழுத்து மிச்சம். றப்பரில் வெட்டியதைப் பிறகு அழிக்க முடியாது என்பதால், எதை எழுதுவதானாலும் கத்தியை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

பெரிய அச்சு வேண்டுமானால் தேய்ந்த செருப்பின் அடியைப் பயன்படுத்தலாம். கழுவிக் காயவைத்து, தேயாத பக்கத்தில் பனையின் முழு உருவத்தையோ பொங்கற் பானையையோ செதுக்கி, தச்சுப் பட்டடையில் எறிந்து கிடக்கும் பலகைத் துண்டொன்றில் ஒட்டிவிட வேண்டும். அதில் மயிரிழைக் கோடுகள் நிற்கமாட்டா. தட்டையான, திரண்ட உருவங்களுக்கே அது ஏற்றது. ஒருநாள் தேவைக்கு மரக்கறியும் உதவும். வெண்டிக்காயின் குறுக்குவெட்டு ஐந்து மூலையுள்ள பூவைப் போலப் பதியும்; நத்தார் மடலுக்கு அதுவே நட்சத்திரம். வாழை மட்டையை வெட்டினால் வலைபோன்ற அறைகள் பதியும். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி அரை மணித்தியாலம் காயவைத்த பின்னரே மை தொட வேண்டும்; இல்லாவிட்டால் மரக்கறியின் நீர் மையைக் கரைத்துவிடும். வேப்பிலையின் நரம்பெடுத்த அடிப்பக்கத்தில் மை ஒற்றி, கவிழ்த்து வைத்து, மேலே ஒரு தாளை விரித்துத் தேய்த்தாலும் அழகிய பதிவு கிடைக்கும்.

செதுக்கிய அழிறப்பர்களை வெறுமனே பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு வைக்கக்கூடாது. வெள்ளை அழிறப்பர்கள் பலவற்றில் அவற்றை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெதுவாக வெளியேறிப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வெயிலில் அது இன்னும் விரைவாக நடக்கும். தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தால் பல ஆண்டுகள் இருக்கும். குத்தி முடித்தபின் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். கற்பூரத் தைலம் போன்றவற்றைத் தொட்டால் றப்பர் வீங்கிவிடும்.

மையும் குத்தும் முறையும்

மையில் இரண்டு இனங்கள் உண்டு. சாயம் கரைந்த மை தாளுக்குள் ஊறி விரைவில் உலரும். மெல்லிய கோடுகளுக்கு நல்லது, ஆனால் வெயிலில் நாளடைவில் மங்கும். நிறமணி, அதாவது கரையாத நுண்ணிய நிறத் துகள், கலந்த மை தாளின் மேற்பரப்பில் தங்கி மெதுவாக உலரும். நிறம் அழுத்தமாக இருக்கும், எளிதில் மங்காது. தூள் புடைப்புக்கு இரண்டாவது இனமே வேண்டும், ஏனெனில் தூள் ஒட்டும் வரைக்கும் மை ஈரமாக இருக்க வேண்டும். புடைப்புக்கென்றே நிறமற்ற, பசைத்தன்மையுள்ள மையும் விற்கின்றார்கள். அது கிடைக்காத இடத்தில், மருந்துக் கடையில் வாங்கிய கிளிசரினைக் கந்தோர் மைப்பெட்டியில் நாலைந்து துளி விட்டு ஒரு நாள் ஊறவிட்டால் மை உலர்வது தாமதமாகும். சோளக காலத்தில் வெறும் அச்சுக் குத்துவதற்கும் இந்த உபாயம் கைகொடுக்கும். கூடுதலாக விட்டால் கோடுகள் பரந்துவிடும் என்பதால் துளித் துளியாகவே விட்டுப் பார்க்க வேண்டும்.

அச்சை மைப்பெட்டியில் ஓங்கிக் குத்தும் பழக்கம் கந்தோர்களிலிருந்து வந்தது. மடலுக்கு அது ஆகாது. அச்சு முகம் மேலே பார்க்க இருக்க, மைப்பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து மெல்ல மெல்லத் தட்டினால், மை கோடுகளின் உச்சியில் மட்டும் படியும், பள்ளங்களில் தேங்காது. தாளின் கீழே நாலைந்து பத்திரிகைத் தாள்களை மெத்தைபோல விரித்துக்கொள்ள வேண்டும். அச்சை நேராக இறக்கி, ஆட்டாமல் நடுவிலும் மூலைகளிலும் அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். ஆட்டினால் விளிம்பில் நிழல் விழும். முதற் குத்தை எப்போதும் கழிவுத் தாளிலேயே குத்திப் பார்க்க வேண்டும்.

சோளகம் வீசும் மாதங்களில் விடியற்காலையில் வேலை செய்வதே உத்தமம். காற்று எழும்புவதற்கு முன் ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்குள் முப்பது மடல்களை அமைதியாகக் குத்தி முடிக்கலாம். அதற்குப் பிறகு மை காய்வது ஒருபுறமிருக்க, செம்மண் புழுதி வந்து ஈர மையில் குந்திவிடும்.

மாக்கரால் நிறம் தீட்டுதல்

மாக்கர்களிலும் நீரில் கரையும் மை உள்ளது, அற்ககோல் கலந்த மை உள்ளது. பாடசாலைப் பிள்ளைகளின் நிறப் பேனைகள் பெரும்பாலும் முதல் வகை. நீர் வகையால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாளின் மேற்தோல் உரிந்து துணுக்குத் துணுக்காக எழும்பும். அற்ககோல் வகை தாளை உரிக்காது, நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும், ஆனால் மறுபக்கம் ஊறும். ஆகவே அதைத் தனித் துண்டில் தீட்டி மடலில் ஒட்டுவதே முறை. அச்சுக் குத்திய மைக்கும் மாக்கருக்கும் பொருத்தம் பார்க்காமல் தொடங்கக்கூடாது: நீரில் கரையும் மையால் குத்திய கோட்டின்மேல் நீர் மாக்கரை ஓட்டினால் கோடு கரைந்து நிறத்தை அழுக்காக்கும். கழிவுத் தாளில் குத்தி, உலரவிட்டு, மேலே மாக்கரை ஒருமுறை இழுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

மலிவான நீர் மாக்கரால் நல்ல வேலை செய்வதற்கு ஒரு வழி உண்டு. மாக்கரைத் தாளில் தொடாமல், பிளாஸ்ரிக் கோப்பு உறை ஒன்றின்மேல் கிறுக்கி, ஈரத் தூரிகையால் அந்த மையைத் தொட்டெடுத்துத் தீட்ட வேண்டும். மாக்கர் நீர்வர்ணமாகிவிடும். தாமரையிதழைத் தீட்டும்போது நுனியில் கடும் இளஞ்சிவப்பை வைத்து, வெறும் நீர்த் தூரிகையால் அடியை நோக்கி இழுத்தால் நிறம் தானாக வெளிறிக்கொண்டு போகும். அற்ககோல் மாக்கரில் மெல்லிய நிறத்தில் தொடங்கி, அது ஈரமாக இருக்கும்போதே கடும் நிறத்தை ஓரத்தில் வைத்து, மீண்டும் மெல்லிய நிறத்தால் எல்லையை அழிக்க வேண்டும். விளைந்த நெற்கதிருக்கு மஞ்சள் மட்டும் போதாது. ஒரு பக்கத்தில் மண்ணிறமும் காம்பில் சிறிது பச்சையும் சேர்ந்தால்தான், தை மாதத்தில் அறுவடைக்கு நிற்கும் வயலின் நிறம் வரும்.

தூள் புடைப்பு

புடைப்புத் தூள் என்பது சூட்டில் உருகி, ஆறும்போது இறுகும் பிசினின் மிக நுண்ணிய துகள். உருகும்போது துகள்கள் ஒன்றாகக் கூடி, மை இருந்த இடத்தில் வழவழப்பான மேடாக நிற்கும். நிறமற்றது, பொன், வெள்ளி, வெள்ளை, கறுப்பு என்று வரும். வன்னிக்குள் இது எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பொருளன்று. கொழும்புக்குப் போய்வருபவர்களிடமோ, விடுமுறைக்கு வரும் உறவினரிடமோ சொல்லி எடுப்பிக்கலாம். ஒரு சிறு போத்தல் நூற்றுக்கணக்கான மடல்களுக்குக் காணும், சிந்தியதைத் திரும்ப எடுக்கத் தெரிந்திருந்தால்.

முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். இதை மறந்து ஒரு போத்தல் தூளைச் சுவருக்குப் பூசியவர்களில் நானும் ஒருத்தி. பின்னர் மெல்லிய பருத்தித் துணியில் சிறிது முகப்பூச்சு மாவைக் கட்டிப் பொட்டலமாக்கி, தாளின்மேல் மெதுவாக ஒற்ற வேண்டும். கைபட்ட எண்ணெயும் ஈரமும் தாளில் இருந்தால் தூள் வேண்டாத இடங்களில் ஒட்டும். மாவு அதைத் தடுக்கின்றது. மாரியில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், கோடையில் விட்டாலும் பாதகமில்லை. அதன்பின் கிளிசரின் கலந்த மையால் அச்சைக் குத்தி, தாமதிக்காமல் தூளைத் தாராளமாகக் கொட்டி, தாளைச் சாய்த்து எல்லா இடமும் ஓடவிட்டு, மீதியை மடித்த கடதாசியில் கொட்டிப் போத்தலுக்குள் திருப்பிவிட வேண்டும். தாளின் முதுகில் விரலால் ஒரு சுண்டு சுண்டினால் தளர்ந்து நிற்கும் துகள்கள் விழுந்துவிடும்; அப்படியும் போகாதவற்றை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும். உருகியபின் ஒரு துகளையும் அகற்ற முடியாது.

இனிச் சூடு. இதற்கென்று சூட்டுக் காற்றுக் கருவி உண்டு. தலைமுடி உலர்த்தி உதவாது. அதன் சூடு குறைவு, காற்று கூடுதல், தூளை உருக்காமல் ஊதித் தள்ளிவிடும். கருவி இல்லாதவர்களுக்கு மின்னழுத்தியே போதும். அதைப் பருத்தித் துணிக்குரிய சூட்டில் வைத்து, அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி இரண்டு செங்கற்களுக்கிடையில் அசையாமல் நிறுத்தி, மடலின் இரு மூலைகளையும் மரக் கிளிப்புகளால் பிடித்து, தூள் இல்லாத முதுகுப்புறம் கீழே இருக்க, சூட்டுக்கு மேலே மிக நெருக்கமாகப் பிடிக்க வேண்டும். சில விநாடிகளில் மணல்போல இருந்த கோடு ஒரு முனையிலிருந்து கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும். மினுங்கிய இடத்தை விட்டு உடனே நகர வேண்டும். கூடுதல் சூடு பட்டால் உருகிய பிசின் தாளுக்குள் இறங்கி, மேடு குறைந்து, எண்ணெய்க் கறைபோலத் தெரியும். தாளும் கருகி வளையும். மின்சாரம் இல்லாத வேளையில் சிரட்டைக் கரி நெருப்பில் காய்ந்த தோசைக்கல்லின் மேலே பிடித்தும் செய்யலாம், ஆனால் அதில் சூடு ஒரே சீராக இராது, கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். பிள்ளைகள் அச்சுக் குத்தலாம், தூள் தூவலாம். சூட்டுக்குப் பெரியவர்களே நிற்க வேண்டும். ஆறும் வரை, அதாவது ஒரு நிமிடமளவில், கோட்டைத் தொடக்கூடாது.

தூள் புடைப்பையும் மாக்கரையும் சேர்த்துச் செய்யும்போதுதான் இந்தக் கலையின் சுவை தெரிகின்றது. கறுப்பு மையில் குத்திய தாமரையின் கோடுகளை நிறமற்ற தூளால் புடைத்துவிட்டால், ஒவ்வொரு இதழும் வரம்பு கட்டிய பாத்தியாகிவிடும். அதற்குள் ஈரத் தூரிகையால் விடும் நிறம் அடுத்த பாத்திக்குத் தாண்டாது. இன்னொரு முறை, வெள்ளைத் தாளில் நிறமற்ற மையாலும் நிறமற்ற தூளாலும் கொக்குகளைப் புடைத்து, ஆறியபின் தாள் முழுவதும் நீலத்தை நீர்த்துப் பூசுவது. பிசின் நீரை ஏற்காததால் நீலத்துக்குள் கொக்குகள் வெள்ளையாகவே நிற்கும்; இரணைமடுக் குளத்தின் நீர்ப்பரப்பில் அதிகாலையில் பார்ப்பது போலவே. புடைத்த கோட்டின்மேல் மாக்கர் முனையை நேரடியாகத் தேய்க்கக்கூடாது. முனை பழுதாகிவிடும்.

அழுத்துப் புடைப்பு

இதற்கு மையும் தேவையில்லை, சூடும் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்றே படத்தில் உருவத்தை வரைந்து வெட்டி எடுத்துத் துளைத்தகடு செய்ய வேண்டும். யன்னற் கண்ணாடியில் பகல் வெளிச்சம் ஊடுருவும்படி தகட்டை ஒட்டி, அதன்மேல் மடலின் முன்பக்கம் கண்ணாடியை நோக்கி இருக்கும்படி தாளை வைத்தால், துளையின் வடிவம் தெரியும். தாளின் முதுகில் மெழுகுதிரியை இலேசாகத் தேய்த்து, மை முடிந்த குமிழ்முனைப் பேனையால் அந்த வடிவத்தின் ஓரத்தைச் சுற்றி மெல்ல மெல்ல அழுத்தி வர வேண்டும். ஒரே தடவையில் ஆழமாக அழுத்தினால் தாள் வெடிக்கும். மூன்று சுற்றில் எழும்பட்டும். 200 கிராம் தாளே இதற்கு வாய்ப்பானது, 300 கிராம் மடங்க மறுக்கும். வெள்ளைமேல் வெள்ளையாக எழும் இந்தப் புடைப்பு திருமண மடலுக்கும் துக்கத்தில் இருப்பவருக்கு அனுப்பும் மடலுக்கும் பொருந்துமளவுக்கு நிறங்கள் பொருந்துவதில்லை என்பது என் எண்ணம்.

உள்தாள், உறை, தபால்

முன்பக்கத்தில் அழுத்துப் புடைப்போ அற்ககோல் மாக்கரோ இருந்தால் அதன் தடம் உள்ளே தெரியும். மடலைவிட ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. சிறியதாக வெட்டிய மெல்லிய வெள்ளைத் தாளை, முழுவதும் பசை பூசாமல் மடிப்பின் அருகில் மட்டும் ஒரு கோடு பசையிட்டு ஒட்டி அதில் எழுதுவது துப்புரவாக இருக்கும். ஒட்டியபின் கனமான புத்தகங்களின் கீழே ஓர் இரவு வைக்க வேண்டும்; தூள் புடைப்பின்மேல் மென்தாள் விரித்த பிறகே பாரம் ஏற்ற வேண்டும்.

இந்த அளவு மடலுக்கு உறை செய்ய இன்னோர் ஏ4 தாள் போதும். நீளத்திலிருந்து 87 மி.மீ. பட்டியை வெட்டிவிட்டால் 210 மி.மீ. சதுரம் எஞ்சும். சதுரத்தை ஒரு மூலை உங்களைப் பார்க்கும்படி வைத்து, நடுவில் மடலைக் கிடையாக வைத்து, இடப்புறமும் வலப்புறமும் உள்ள மூலைகளை உள்ளே மடித்தால் அவை நடுவில் வந்து சந்திக்கும். கீழ் மூலையை மேலே மடித்து அவற்றின்மேல் ஒட்ட வேண்டும், மேல் மூலை மூடியாகும். மடல் புகுந்து வெளிவர இரண்டு மி.மீ. இளக்கம் விட்டு மடிக்கவும்.

தபாலில் அனுப்புவதானால் தபாலகத்தில் உறையின் வலப்பக்க மேல்மூலையில் ஒட்டும் முத்திரையின்மேல் திகதி அச்சு விழும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சிறிய உப தபாலகங்களில் அதைக் கையால் ஓங்கிக் குத்துவார்கள். அந்த மூலைக்கு நேர் கீழே தூள் புடைப்பு இருந்தால் பிசின் நொறுங்கிவிடும். ஆகவே வரைபைத் திட்டமிடும்போதே மடலின் மேல்மூலையை வெறுமையாக விட வேண்டும், அல்லது மடலை உறைக்குள் இடும்போது முகம் உறையின் மூடிப் பக்கத்தைப் பார்க்கும்படி திருப்பி இட்டு, முன்னால் ஒரு மெல்லிய அட்டைத் துண்டையும் வைக்க வேண்டும். ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ போகும் மடலானால் அட்டைத் துண்டோடு சேர்த்தே நிறுவைக்குக் கொடுத்து, அதன் பின்னர் முத்திரை வாங்கி ஒட்டுங்கள்.